அலையில ஏறாத ஆளு போட்ட அலைப் பாட்டு: பீச் பாய்ஸ் மாறின கதை

[இசை: ரிவெர்ப் போட்ட கிட்டார், பத்து விநாடி]

இந்தக் கிட்டார் சத்தம் ஈரமா கேக்குதில்ல? தண்ணி சொட்டற மாதிரி? ஆம்ப்ளிஃபையரோட சேர்ந்த ஒரு பெட்டிக்குள்ள ஸ்ப்ரிங் இருக்கும். கிட்டாரோட சிக்னல் அந்த ஸ்ப்ரிங்கை அதிர வைக்கும். அதிர்வு இங்கேயும் அங்கேயுமா ஓடித் தேயறதுதான் நமக்கு ஈரமா விழுது. இதுக்குப் பேர்தான் ரிவெர்ப். 1960கள் தொடக்கத்துல, தெற்கு கலிஃபோர்னியாவுல டிக் டேல் மாதிரி கிட்டார்காரங்க வளர்த்த, அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பேர்ல வந்த சர்ஃப் ராக் இசைக்கு இந்தச் சத்தமே அடையாளமாயிடுச்சு. அதுல முக்காவாசி வரிகளே கிடையாது, வெறும் வாத்தியம்.

1961ல அதே தெற்கு கலிஃபோர்னியாவுல, ஹாத்தோர்ன் ஊர்ல அஞ்சு பசங்க பாட்டுக் குழுவா சேர்ந்தாங்க. பிரையன், டென்னிஸ், கார்ல்னு மூணு வில்சன் சகோதரர்கள், அவங்க உறவுக்காரர் மைக் லவ், நண்பர் அல் ஜார்டின். 'பீச் பாய்ஸ்'ங்கிற பேரைக்கூட அவங்க வைக்கல, ரெக்கார்டு கம்பெனிக்காரங்க வெச்சது. அலைப்பலகையில ஒழுங்கா நிக்கத் தெரிஞ்சது டென்னிஸுக்கு மட்டும்தான். பாட்டு எழுதின பிரையனுக்கு அந்தப் பக்கம் ஆர்வமே இல்ல.

அப்போ அவர் காதுல என்ன ஓடிட்டு இருந்துச்சு? ஃபோர் ஃப்ரெஷ்மென்னு ஒரு ஜாஸ் குரல் குழு. நாலு பேர் நாலு ஸ்வரத்துல ஒரே நேரத்துல பாடி, ஒரே குரல் மாதிரி ஆக்கிடுவாங்க. அதைத்தான் பிரையன் வீட்ல தம்பிங்களுக்குப் பிரிச்சுப் பிரிச்சு சொல்லிக்கொடுத்தார். 1963ல வந்த 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.'வைக் கேளுங்க. மெட்டு ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியோடது, கிட்டார் ஊர்ல எல்லாரும் வாசிக்கிறது. மேல அடுக்கடுக்கா நிக்குற குரல்கள் மட்டும்தான் இவங்க சொந்தச் சரக்கு. பின்னால கிட்டாரைத் தூக்கிப் போட்டப்பவும் இந்த அடுக்கு போகல.

[திரையில்: விமான ஜன்னல், மேகம்]

1964 டிசம்பர். ஹூஸ்டனுக்குப் போற விமானத்துல பிரையன் உடைஞ்சு அழுதார். அதோட மேடைக் கச்சேரிக்குப் போறதை நிறுத்திக்கிட்டார். மத்தவங்க ஊர் ஊரா பாடப் போனாங்க, இவர் ஸ்டுடியோவுல உக்காந்துட்டார். பொதுவா எல்லாரும் அடுத்து வந்த 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டுதான் திருப்பம்னு சொல்வாங்க. என்னைக் கேட்டா, திருப்பம் 1965 மார்ச்ல வந்த 'டுடே!' இசைத்தட்டோட ரெண்டாவது பக்கம். அலை, கார் எதுவும் இல்ல, மனசு நொந்து மெதுவா போற பாட்டுங்க.

1966 மே மாசம் 'பெட் சவுண்ட்ஸ்'. ஹால் பிளெய்ன், கேரல் கேய் மாதிரி லாஸ் ஏஞ்சலஸோட கைதேர்ந்த ஸ்டுடியோ கலைஞர்கள் வாசிச்சாங்க. சைக்கிள் மணி, நாய் குரைக்கிற சத்தம் எல்லாம் உண்டு. ஆனா நான் உங்களைக் கேக்கச் சொல்றது பேஸை, அதாவது அடியில ஓடுற தாழ்ந்த ஸ்வரத்தை. ஒரு பாட்டுல ஸி மேஜர் கார்டு (ஸி, ஈ, ஜி மூணு ஸ்வரமும் சேர்ந்து ஒலிக்கிறது) வருதுன்னா, பொதுவா பேஸ் அடியில ஸி-யைத்தான் வாசிக்கும். அது தரை மாதிரி. பிரையன் அடிக்கடி அந்தத் தரையை எடுத்துட்டு ஈ-யோ ஜி-யோ வெச்சிடுவார். கார்டு அதேதான், ஆனா கால் ஊனின மாதிரி இருக்காது, மிதக்கும். 'காட் ஒன்லி நோஸ்' பாட்டு இது எந்த ஸ்ருதின்னு கடைசிவரைக்கும் உறுதியா சொல்லவே விடாது. சர்ஃப் கிட்டார் துளிகூட இல்லாமலேயே தண்ணி மேல நிக்கிற உணர்வு! இன்னொரு விஷயம், பிரையனுக்கு வலது காது கிட்டத்தட்ட கேக்காம இருந்துச்சு. அதனால மொத்த இசைத்தட்டையும் மோனோவுலதான், அதாவது இடது வலதுன்னு பிரிக்காம ஒரே தடமா, கலந்தார்.

விற்பனைப் பட்டியல்ல அமெரிக்காவுல அது பத்தாவது இடம், பிரிட்டன்ல ரெண்டாவது. சொந்த ஊர்க்காரங்க இன்னும் கடற்கரையைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தாங்க.

அதே வருஷம் 'குட் வைப்ரேஷன்ஸ்'. ஒரே ஒரு பாட்டுக்கு பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரைக்கும், நாலு ஸ்டுடியோ. துண்டு துண்டா பதிவு பண்ணி, டேப்பை வெட்டி ஒட்டினது. பல்லவியில செல்லோ கரகரன்னு மும்மூணா அடிக்க, மேல விசில் மாதிரி வழுக்கிட்டுப் போறது எலெக்ட்ரோ தெரமின்ங்கிற மின்னணு வாத்தியம். வாசிச்ச பால் டேனர், ஒரு காலத்துல க்ளென் மில்லரோட ஜாஸ் குழுவுல டிராம்போன் ஊதினவர். பாட்டு அமெரிக்காவுல முதலிடத்துக்குப் போச்சு.

அதே வெட்டி ஒட்டுற முறையில முழு இசைத்தட்டே பண்ணலாம்னு பாடலாசிரியர் வேன் டைக் பார்க்ஸோட சேர்ந்து பிரையன் 'ஸ்மைல்' தொடங்கினார். வீட்ல மணல் கொட்டி, அதுக்கு மேல பியானோவை வெச்சு, வெறுங்காலை மணல்ல பதிச்சு வாசிச்சார். அலையில ஏறாத மனுஷன் கடற்கரையையே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டார்! வேலை 1967ல நின்னுபோச்சு. அதை அவர் தன் பேர்ல முடிச்சு வெளியிட்டது 2004ல.

[திரையில்: ரெண்டு இசைத்தட்டு உறை, பக்கத்துல பக்கத்துல]

1974ல கம்பெனி பழைய வெயில்கால ஹிட்டுகளை 'எண்ட்லெஸ் சம்மர்'னு தொகுத்துப் போட்டுச்சு. சில மாசத்துல முதலிடம். கூட்டம் திரும்பவும் அலையைத்தான் கேட்டுச்சு, குழுவும் மேடையில அதையே பாட ஆரம்பிச்சுது.

ஒண்ணு செஞ்சு பாருங்க. 1963ல வந்த 'சர்ஃபர் கேர்ள்', 1971ல வந்த 'சர்ஃப்ஸ் அப்'. ரெண்டு தலைப்புலயும் அலை இருக்கு. முதல் பாட்டு முடிஞ்ச உடனே ரெண்டாவதைப் போடுங்க. கிட்டாரை விட்டுட்டு, குரலை மட்டும் பின்தொடருங்க.