0% பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபரா, குறைஞ்ச வட்டி கார்டா, லிமிட்டைக் கூட்டலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வியைப் படிக்கிறேன். "என் கிரெடிட் கார்டுல 60,000 பாக்கி நிக்குது. லிமிட் 80,000. மாசம் 2.5% வட்டி போடுறாங்க. என்னால மாசம் 5,000 கட்ட முடியும். இப்ப ரெண்டு ஆஃபர் வந்திருக்கு. ஒண்ணு, பாக்கியைப் புதுக் கார்டுக்கு மாத்திக்கிட்டா (பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபர்) 12 மாசத்துக்கு 0%, ஆனா 3% கட்டணம், அதுக்கப்புறம் மாசம் 3%. இன்னொண்ணு, வேற கார்டு, கட்டணம் இல்லாம மாசம் 1.5%. இதுக்கு நடுவுல இப்ப இருக்கிற பேங்க் லிமிட்டை 1,50,000 ஆக்கித் தர்றோம்னு மெசேஜ் அனுப்புறாங்க. எதை எடுக்கிறது?"

விவரமா கேட்டிருக்கீங்க, நன்றி. மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு எழுதினீங்க பாருங்க, அந்த ஒரு நம்பர் இல்லாம எந்தக் கார்டு லாபம்னு யாராலயும் சொல்ல முடியாது. எந்த நாட்டுப் பணமா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். பேப்பர்ல போட்டுக்கிட்டே கேளுங்க. கார்டுல புதுசா எதுவும் வாங்கலைன்னு வச்சுக்குவோம்.

இப்ப இருக்கிற கார்டுலயே 5,000 கட்டிக்கிட்டு வந்தா 15 மாசம் ஆகும். வட்டி மட்டும் ஏறக்குறைய 12,240. மாசம் 2.5%னா வருஷத்துக்கு 30%. அதை 365-ஆல வகுத்துப் பாருங்க, 60,000-க்கு ஒரு நாளைக்கு 49 போகுது. இன்னிக்குத் தூங்கி எழுந்தா 49.

மாசம் 1.5% கார்டுக்கு மாத்தினா 14 மாசம், வட்டி 6,650. கிட்டத்தட்ட பாதி மிச்சம்.

0% கார்டுல கட்டணம் 1,800. அது பாக்கியோட சேர்ந்து 61,800 ஆகிடும். 12-ஆல வகுத்தா 5,150. நீங்க சொன்ன 5,000-க்கு மேல 150 கூடுதலா கட்டினாப் போதும், 12-வது மாசம் கணக்கு நேராயிடும். மொத்தச் செலவு அந்த 1,800 மட்டும்தான்.

"அதுக்கப்புறம் 3% ஆயிடுமே"ன்னு பயப்படுறவங்க நிறைய. அதையும் போட்டுப் பார்ப்போம். மாசம் 2,500 தான் கட்ட முடிஞ்சதுன்னு வைங்க. 12 மாசம் கழிச்சு 31,800 மீதி நிக்கும், அதுக்கு 3% ஓடும். அப்படியும் கட்டணம், வட்டி எல்லாம் சேர்த்து 10,660 தான் வருது. அதே 2,500-ஐ 1.5% கார்டுல கட்டினா வட்டி 14,940. அதனால பின்னாடி வர்ற 3% உங்க விஷயத்துல பெரிய ஆபத்து இல்ல.

ஆபத்து ட்யூ டேட்ல இருக்கு. ஒரு தவணை தவறினாலும் 0% சலுகை ரத்துன்னு நிறைய ஒப்பந்தத்துல எழுதியிருப்பாங்க. ரெண்டு தவணை கட்டிட்டு மூணாவதைத் தவற விட்டா, 51,800-க்கு அங்கேயிருந்தே 3% ஓட ஆரம்பிச்சுடும். 5,000 வீதம் கட்டி முடிக்கிறதுக்குள்ள வட்டி 11,200, கட்டணம் 1,800, மொத்தம் 13,000. தாமதக் கட்டணம் தனி. பழைய கார்டுலயே இருந்திருந்தா 12,240 தானே? ஒரே ஒரு நாள் மறதியில இவ்வளவும் போயிடும். அதனால கார்டு கைக்கு வந்த அன்னிக்கே 5,150-க்கு ஆட்டோ பே போட்டுடுங்க. "மினிமம் ட்யூ"ன்னு, அதாவது பில்லுல கேக்குற குறைஞ்சபட்சத் தொகையை மட்டும் போட்டுடாதீங்க, அப்படிப் போட்டா 12 மாசத்துல கடன் முடியாது.

கையெழுத்துக்கு முன்னாடி இன்னொரு வரியைத் தேடுங்க. "குறிப்பிட்ட காலத்துக்குள்ள முழுசா அடைக்காட்டி முதல் நாள்லேர்ந்து வட்டி" அப்படின்னு இருந்தா அது நான் இப்ப போட்ட கணக்கே இல்ல. அந்த மாதிரி ஆஃபர்ல கடைசி மாசம் 500 பாக்கி வச்சாலும் 60,000-க்கும் வட்டி வந்து விழும்.

அந்தப் புதுக் கார்டுல மளிகை, பெட்ரோல்னு தேய்க்கவே தேய்க்காதீங்க. பாக்கி நிக்கிற கார்டுல பெரும்பாலும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது, வாங்கின தேதியிலேர்ந்தே வட்டி.

கூடவே ஒண்ணு சொல்லிடுறேன், நிறைய பேர் இதுல ஏமாறுறாங்க. பாக்கியைத் தவணையா மாத்தித் தர்றோம், மாசம் 1% தான்னு போன் வரும். அது "ஃப்ளாட்" ரேட்டான்னு கேளுங்க. ஃப்ளாட்னா நீங்க கட்டக் கட்ட அசல் குறைஞ்சாலும் வட்டி மட்டும் முதல்ல இருந்த 60,000-க்கே போடுவாங்க. 12 மாசத்துக்கு 7,200. குறையுற பாக்கிக்குப் போடுற 1.5%-ல அதே 12 மாசத்துக்கு 6,010 தான். 1%-ங்கிறது 1.5%-ஐ விட அதிகம்! போன்ல பேசுறவர்கிட்ட சதவீதம் கேக்காதீங்க, "மொத்தமா எத்தனை கட்டணும்"னு கேளுங்க.

இனி லிமிட். லிமிட் கூடினா வட்டி ஒரு பைசா குறையாது. ஆனா இப்ப நீங்க 80,000-ல 60,000, அதாவது 75% பயன்படுத்தியிருக்கீங்க. உங்க கிரெடிட் ஸ்கோரை, அதாவது கடன் கொடுக்கிறவங்க உங்களை எடை போடுற மார்க்கை, இழுத்துப் பிடிக்கிறது அதுதான். லிமிட் 1,50,000 ஆனா அதே கடன் 40% ஆயிடும். அதனால இதை முதல்ல ஒத்துக்கலாம். ஒத்துக்கிறதுக்கு முன்னாடி, இதுக்காக என் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுப்பீங்களான்னு கேட்டுடுங்க. பேங்க் தானா கொடுக்கும்போது பெரும்பாலும் ஸ்கோரைப் பாதிக்கிற மாதிரி எடுக்க மாட்டாங்க, நாமளா விண்ணப்பிச்சா எடுக்க வாய்ப்பு உண்டு. அடுத்த ஸ்டேட்மெண்ட் வந்து, புது லிமிட் ரிப்போர்ட்ல ஏறின பிறகு 0% கார்டுக்கு விண்ணப்பிங்க. கையில லிமிட் இருந்தா செலவு பண்ணிடுவேன்னு உங்களுக்கே தோணுச்சுன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, ஸ்கோர் மெதுவா ஏறிக்கட்டும்.

புதுக் கார்டுல எவ்வளவு லிமிட் தருவாங்கன்னு அப்ரூவல் வந்தாத்தான் தெரியும். 40,000 தான் கொடுத்தா, கட்டணமும் அதுக்குள்ளேயே அடங்கணும். மீதியைப் பழைய கார்டுல வச்சுக்கிட்டு, 0% கார்டுக்கு மாசாமாசம் தவணையைச் சரியாக் கட்டிட்டு, கையில மிஞ்சுற பணத்தையெல்லாம் 2.5% ஓடுற பழைய கார்டுல போடுங்க.

பணம் மாறி முடியுற வரைக்கும் பழைய கார்டுத் தவணையை நிறுத்தாதீங்க. பாக்கி பூஜ்யம்னு ஆப்ல தெரிஞ்ச பிறகும் அடுத்த ஸ்டேட்மெண்ட்டைத் திறந்து பாருங்க. கடைசி பில் தேதிக்கும் பணம் போய்ச் சேர்ந்த தேதிக்கும் நடுவுல ஓடின வட்டி அதுல வரும். நாளைக்கு 49 கணக்குல 10 நாள்னா 490. அதையும் கட்டினாத்தான் அந்தக் கார்டு உண்மையா முடிஞ்சுது.