ஷோனபெர்க்: வயலை விற்று நகரமான ஊர்

வணக்கம் நேயர்களே. ஒரு பெருநகரம் பக்கத்துக் கிராமத்தை விழுங்கியது என்று சொல்லும்போது, கிராமத்துக்காரர்கள் ஏதோ கையைக் கட்டிக்கொண்டு நின்றது போலத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். பெர்லினுக்குத் தெற்கே இருந்த ஷோனபெர்க்கின் கதை அப்படி இல்லை. அங்கே விவசாயிகளே வயலை விற்றார்கள், நல்ல விலைக்கு விற்றார்கள், சிலர் கோடீஸ்வரர்களும் ஆனார்கள்.

1264-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பெயர் வரும் பழைய ஊர் அது. ஏழாண்டுப் போரில், 1760-இல் ரஷ்யப் படை தீ வைத்ததில் ஊரோடு தேவாலயமும் போய், பிறகு புதிதாகக் கட்டினார்கள்.

சரி, விற்பதற்கு நிலம் அவர்கள் பெயரில் இருக்க வேண்டுமே? அங்கேதான் விஷயம் இருக்கிறது. பெர்லினைத் தலைநகராகக் கொண்ட ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் 1807-இல் பண்ணையடிமை முறையை ஒழிக்க ஆணை வந்தது. அடுத்தடுத்த சட்டங்களால் குடியானவர்கள் உழுத நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள், பொது மேய்ச்சல் நிலமும் பங்கு பிரிக்கப்பட்டது. ஆனால் எல்லோருக்கும் இல்லை. 1816-இல் ஒரு திருத்தம் வந்து, உழவுக்குச் சொந்தமாக மாடோ குதிரையோ வைத்திராத சின்னக் குடிகளை அந்தச் சட்டத்திலிருந்து கழற்றி விட்டது. இதைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், என்னைக் கேட்டால் பிற்பாடு நிலத்தின் விலை ஏறியபோது யார் பணக்காரர் ஆவார், யார் கூலியாளாகவே நிற்பார் என்பது பாதி இங்கேயே முடிவாகிவிட்டது.

அப்புறம் 1862-இல் ஹோப்ரெக்ட் என்ற பொறியாளர், பெர்லினைச் சுற்றி இனிமேல் எங்கே தெரு வரும், எங்கே சதுக்கம் வரும் என்று வரைபடம் போட்டார். 1871-இல் ஜெர்மன் பேரரசு உருவாகி பெர்லின் தலைநகரம் ஆனது. போரில் தோற்ற பிரான்ஸிடமிருந்து இழப்பீடாக 500 கோடி ஃபிராங்க் வந்தது. பங்குச் சந்தை, வங்கி, கட்டடம் எல்லாமே பறந்தன. நேற்றுவரை கிழங்கு போட்ட வயல் இன்று வீட்டுமனை. ஷோனபெர்க்கில் இப்படிச் செல்வம் கொழித்தவர்களை ஊரே ‘மில்லியன் விவசாயிகள்’ என்று கிண்டலும் பொறாமையுமாக அழைத்தது. அவர்கள் பிரதான சாலையில் மாளிகை கட்டிக்கொண்டார்கள், செத்த பிறகும் கௌரவம் குறையக் கூடாதென்று தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் பெரிய பெரிய நினைவு மண்டபங்கள் வேறு. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

1871-இல் ஏறக்குறைய 4,500 பேர் இருந்த இடம், 1910-இல் ஒரு லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 1898-இல் ஷோனபெர்க் தனி நகரமே ஆகிவிட்டது. பணம் சேர்ந்ததும் பெர்லினுக்குச் சளைத்தவர்கள் இல்லை என்று காட்ட வேண்டாமா? 1910 டிசம்பரில் சொந்தச் செலவில் சுரங்க ரயில் விட்டார்கள். மொத்தம் 3 கிலோமீட்டர்கூட இல்லை, நிறுத்தம் ஐந்தே ஐந்து! தோண்டிய மண்ணைச் சதுப்பில் கொட்டி மேடாக்கிப் பூங்காவும் போட்டார்கள். அந்தப் பாதைதான் இன்றைய யு-4. 1914-இல் கட்டி முடித்த நகர மன்றத்தின் வாசலில்தான், 1963-இல், பெர்லின் சுவர் எழுந்து இரண்டு வருஷம் கழித்து, கென்னடி பேசினார்.

தனி நகரம் என்ற பெருமை 22 வருஷம்தான். 1920 ஏப்ரலில் பிரஷ்ய சட்டமன்றம் ‘பெரும் பெர்லின்’ சட்டத்தை 165-க்கு 148 என்ற கணக்கில் நிறைவேற்றியது. அக்டோபர் 1 முதல் சுற்றியிருந்த 7 நகரங்கள், 59 கிராம ஊராட்சிகள், 27 பண்ணை நிலப் பகுதிகள் எல்லாம் பெர்லினோடு சேர்ந்தன, ஏறக்குறைய 19 லட்சமாக இருந்த மக்கள்தொகை ஒரே நாளில் 38 லட்சத்துக்கு மேல் ஆனது. தண்ணீர், போக்குவரத்து, வரி என்று ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக இழுத்துக்கொண்டிருந்ததற்கு அது தேவைதான் என்பேன், வசதியான பகுதிகள் முணுமுணுத்தாலும்.

அந்த 59-இல் எல்லாமே ஷோனபெர்க் போல ஆகிவிடவில்லை. வடக்கு ஓரத்தில் லூபார்ஸ் என்று ஒரு ஊர். சுவர் வந்தபின் மேற்கு பெர்லினின் கடைசி விளிம்பாக நின்றது, அதைத் தாண்டினால் கிழக்கு ஜெர்மனி. அங்கே இன்றும் ஊர்த் திடலும் தேவாலயமும் பண்ணை வீடுகளும் இருக்கின்றன, வயலும் இருக்கிறது. ஆனால் நகரத்துக்காரர்களின் சவாரிக் குதிரைகளைக் கட்டிப் பராமரிப்பதும் அங்கே இப்போது ஒரு தொழில். பெர்லின் போகிறவர்கள் 222-ஆம் எண் பஸ்ஸில் ஏறினால் அந்த ஊரிலேயே இறங்கலாம்.