முப்பது தாலர், ஒரு பவுண்டு வெள்ளி

வணக்கம், நேயர்களே.

என் உள்ளங்கையில் ஒரு வெள்ளி நாணயம் இருக்கிறது. 1865-இல் பெர்லினில் அடித்த தாலர். ஒரு பக்கம், ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் வில்ஹெல்மின் தலை. கழுத்துக்குக் கீழே, பெர்லின் நாணயச்சாலையைக் குறிக்கும் 'ஏ' என்ற எழுத்து. திருப்பினால் முடிசூடிய கழுகு. அதைச் சுற்றி ஓடும் எழுத்துகளைத்தான் நான் முதலில் படிப்பேன். 'முப்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு சுத்த வெள்ளி' என்பது அதன் பொருள்.

தன்னிடம் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று நாணயமே சொல்லிவிடுகிறது! அப்படிச் சொல்லவேண்டிய தேவை அன்று இருந்தது. ஜெர்மனி அப்போது ஒரே நாடு அல்ல. முப்பதுக்கும் மேற்பட்ட அரசுகள். வடக்கே தாலர், தெற்கே குல்டன். எல்லை தாண்டும் வியாபாரி கணக்குப் போட்டே களைத்துப்போவான். இதைச் சீராக்க 1838-இல் டிரெஸ்டனிலும், 1857-இல் வியன்னாவிலும் அந்த அரசுகள் நாணய ஒப்பந்தம் செய்தன. வியன்னாவில் முடிவான கணக்கு இது: ஒரு பவுண்டு, அதாவது அவர்கள் கணக்கில் 500 கிராம், சுத்த வெள்ளிக்கு 30 தாலர். பத்தில் ஒரு பங்கு செம்பு கலப்பதால் ஒரு நாணயம் சுமார் 18.5 கிராம் நிற்கும். முகம் எந்த அரசருடையதானாலும் உள்ளே இருக்கும் வெள்ளி ஒன்றுதான்.

முகங்களைத் தேடிப் போவதில்தான் சேகரிப்பின் சுவையே இருக்கிறது. ராய்ஸ் என்ற சின்னஞ்சிறு அரச குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஹைன்ரிக் என்றே பெயர். எண்ணை வைத்துத்தான் ஆளைச் சொல்ல முடியும். 1854 முதல் 1867 வரை ஆண்டவர் அறுபத்தேழாம் ஹைன்ரிக்! பவேரியாவின் முதலாம் லுட்விக் 1828-இல் தன் குடும்பத்தையே நாணயத்தில் பொறித்தார். நடுவில் அரசி தெரேசா, சுற்றிலும் எட்டுப் பிள்ளைகள். உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள்: அத்தனை சிறிய முகங்களிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மூக்கு, தனித் தலைவாரல். செதுக்கியவரின் கையை நினைத்து நான் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

வாங்கும்போது விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். தொடக்க நாட்களில் நான் ஆசையாக வாங்கிய ஒரு சாக்சனித் தாலரின் விளிம்பில் பற்றவைத்த தடம் இருந்தது. யாரோ வளையம் வைத்துச் சங்கிலியில் கோத்திருக்கிறார்கள். தாலர் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான் டாலர். நாமும் சங்கிலிப் பதக்கத்தை டாலர் என்றுதானே சொல்கிறோம்? அந்த நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கியும் இருந்தார்கள். முடி இழைகள் மழுங்கிப் போயிருந்தன. வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் துலக்கலாம். பழைய நாணயத்தை மட்டும் தயவுசெய்து தேய்க்காதீர்கள். அதன்மேல் இருக்கும் கருமை படிய நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஜெர்மனி ஒன்றாகி, மார்க் என்ற பொது நாணயம் வந்த பிறகும், தாலர் மூன்று மார்க் மதிப்பில் 1907 வரை செல்லுபடியானது. என் கையில் இருக்கும் தாலரில் வில்ஹெல்மின் காதோர முடி தேய்ந்திருக்கிறது. அவ்வளவு காலம் எத்தனையோ பைகளில் கிடந்து, எத்தனையோ கல்லாக்களில் விழுந்து எழுந்த தேய்மானம் அது.

நன்றி, வணக்கம்.