கரண்டுக்குத் தடை, சூட்டுக்கு வழி! ட்ரான்சிஸ்டருக்கு அடியில் அந்த மெல்லிய தாள் எதற்கு?

(திரையில்: ஹீட் சிங்கில், அதாவது சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் துண்டில், முடுக்கிய ட்ரான்சிஸ்டர். பட்டென்று ஒரு சத்தம். இருட்டு.)

போனது ஃபியூஸ். இத்தனைக்கும் அடியில் மைக்கா என்ற கனிமத்தின் மெல்லிய தாள் போட்டிருந்தேன், சூட்டைக் கடத்த உதவும் பேஸ்ட்டும் தடவியிருந்தேன். எங்கே சொதப்பினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் யாராவது கண்டுபிடித்தால் கமெண்டில் போடுங்கள்.

(திரையில்: ட்ரான்சிஸ்டரின் முதுகு, நெருக்கத்தில்.)

முதுகில் இருக்கும் இந்த உலோகத் தகடு சும்மா இல்லை. பவர் ட்ரான்சிஸ்டரில் பெரும்பாலும் இதுதான் கலெக்டர், மாஸ்ஃபெட் என்ற வகையில் டிரெயின்; இரண்டுமே கரண்டு ஓடும் முனைகள். உள்ளே சில்லு இதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் சூடும் இங்கேதான் வரும், கரண்டும் இங்கேதான் வரும். மெயின்ஸில் ஓடும் பவர் சப்ளையில் இதில் 300 வோல்ட்டுக்கு மேலேகூட இருக்கலாம். இதை நேராக ஹீட் சிங்கில் முடுக்கி, ஹீட் சிங்கைப் பெட்டியில் முடுக்கி, பெட்டியில் நீங்கள் கை வைத்தால்... சரி, வேண்டாம்.

சூட்டை விட வேண்டும், கரண்டை விடக் கூடாது. கொஞ்சம் பேராசைதான். உலோகத்தில் இரண்டையும் சுமப்பது பெரும்பாலும் ஒரே ஆள், எலக்ட்ரான். அவரை நிறுத்தினால் இரண்டு வேலையும் நின்றுவிடும்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். வைரம்!

வைரத்தில் ஓடித் திரிய எலக்ட்ரான் கிடையாது, எல்லாம் பிணைப்பில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் அது செம்பைப் போல ஐந்து மடங்கு சூட்டைக் கடத்தும். செம்பு சுமார் 400 என்றால் நல்ல வைரம் 2000. எப்படி? அணுக்களே அதிர்ந்து சூட்டைக் கை மாற்றுகின்றன. கார்பன் லேசான அணு, பிணைப்போ இரும்புப் பிடி. ஒரு மூலையில் தட்டினால் மறு மூலைக்கு அதிர்வு சிட்டாகப் பறக்கும். இந்த அதிர்வுக்கு ஃபோனான் என்று பெயர். மெல்லிய வைரத் தகட்டை விரலில் பிடித்துப் பனிக்கட்டி மேல் அழுத்துங்கள், வெண்ணெயில் கத்தி போல இறங்கும். கத்தி கூர்மையால் அல்ல, உங்கள் விரல் சூட்டால்! இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வாய் மூடாது.

எல்லா ட்ரான்சிஸ்டருக்கும் வைரம் போட முடியாது என்பதால் அலுமினா, அலுமினியம் நைட்ரைடு போன்ற பீங்கான்கள் இருக்கின்றன. பெரிலியம் ஆக்சைடு இன்னும் அருமையாகக் கடத்தும், ஆனால் அதன் தூள் நுரையீரலுக்கு விஷம். பழைய கருவிகளில் பார்த்தால் உடைக்காதீர்கள், ராவாதீர்கள்.

அப்புறம் நம் ஏழை மைக்கா. கடத்துவதில் படு மோசம், செம்பின் 400-க்குப் பக்கத்தில் இது ஒன்றைக்கூடத் தொடாது. பிறகு ஏன் போடுகிறோம்? 0.05 மில்லிமீட்டர் தடிமனுக்கு உரித்தாலும் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தாங்கும். இவ்வளவு மெல்லியதாக இருந்தால் சூட்டுக்குக் கடக்க வேண்டிய தூரமே இல்லை. ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் தகட்டில் 20 வாட் சூடு கடந்தால், மைக்காவுக்குள் ஏறும் வெப்பம் சுமார் 11 டிகிரிதான். அதே இடைவெளியில் வெறும் காற்று இருந்தால்? 250 டிகிரி! பேஸ்ட் தடவுவது இந்தக் காற்றை விரட்டத்தான். மைக்காவின் இரண்டு பக்கமும் தடவுங்கள், மெல்லியதாக. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல அப்பாதீர்கள், பேஸ்ட்டும் உலோகத்துக்கு முன் மட்டமான கடத்திதான்.

தாள் தேவையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் 7805 ரெகுலேட்டரின் தகடு கிரவுண்டு, பெரும்பாலும் நேராக முடுக்கலாம். 7905-இல் அதே தகடு இன்புட்! இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்துகொண்டு ஆளைக் கவிழ்த்துவிடும்.

சரி, என் ஃபியூஸ். மைக்கா ஒழுங்காகத்தான் இருந்தது. நடுவில் போன ஸ்க்ரூ இரும்பு. அது தகட்டையும் தொட்டது, ஹீட் சிங்கையும் தொட்டது. ஓட்டைக்குள் போட வேண்டிய பிளாஸ்டிக் புஷ் மேசை மேல் அப்படியே கிடந்தது.

(திரையில்: மல்டிமீட்டரின் ஒரு முனை தகட்டில், இன்னொன்று ஹீட் சிங்கில்.)

இப்போதெல்லாம் முடுக்கியதும் இப்படி வைத்துப் பார்க்கிறேன். பீப் அடித்தால் கழற்று.