சட்டக் கந்தோரின் வரலாற்றை எங்கே தேடுவது?

சபையோருக்கு வணக்கம்.

யாழ்ப்பாண நகரில் இரண்டு மூன்று தலைமுறையாக இயங்கும் சிறிய சட்டக் கந்தோர் ஒன்றின் வரலாற்றை எழுத வருபவர்கள் வென்ற வழக்குகளையே முதலில் கேட்கிறார்கள். உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களைக் கேளுங்கள். இங்கே கந்தோர்களுக்குச் சோறு போட்டது காணிதான்.

காணி உறுதியில் நொத்தாரிசும் (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்த உரிமம் பெற்றவர்) இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்கக் கையொப்பம் விழ வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. பின்னர் 1907இல் வந்த நொத்தாரிசுக் கட்டளைச் சட்டப்படி உறுதிகளுக்குத் தொடர் இலக்கம் இட வேண்டும். மூலம் காணிக்காரருக்கு, ஒரு பிரதி நொத்தாரிசு தன்னிடம் வைத்திருக்கும் உறுதிக் கட்டுக்கு, இன்னொன்று அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் மூல உறுதியை இழந்தவர்களுக்கு மற்ற இரண்டில் ஒன்றுதான் கைகொடுத்தது. அந்தத் திகதியைத் தவறவிடாத எழுதுவினைஞரின் பெயரை வரலாற்றில் கட்டாயம் எழுதுங்கள். அவர்தான் கந்தோரின் தூண்.

ஒரு பழைய சீதன உறுதியைப் பிரித்துப் பாருங்கள். பரப்பும் குழியும், கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால், நாலு பக்க எல்லை. 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். சிக்கல் பெரும்பாலும் எல்லையில்தான். கிழக்கே இன்னாருடைய காணி என்று எழுதியிருக்கும். அவர் அதை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்து ஐம்பது வருடம் ஆன பிறகும் புதிய உறுதியில் அதே பெயரைப் பார்த்தெழுதியிருப்பார்கள். வேலிச் சண்டை அங்கேதான் முளைக்கிறது. கவனமான கந்தோர் பதிவகத்தில் தேடி, நில அளவையாளரின் படத்தோடு ஒப்பிட்டுத்தான் எல்லை எழுதும்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும் அந்தக் கட்டுகளில் தெரியும். மணமான பெண் காணி விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் விற்பவளின் கையொப்பத்தோடு அவருடையதும் வரும். அது இல்லாத உறுதி பின்னர் வழக்குக்குப் போகும்.

1974இல் கட்சிக்காரரின் வேலைகளையும் பத்திரங்களையும் பார்த்த பிறக்கிராசிமாரும் மன்றில் வாதாடிய அப்புக்காத்துமாரும் ஒரே தொழிலாகிச் சட்டத்தரணிகள் ஆனார்கள். பெயர்ப்பலகை மாறியது, மேசை வேலை அவ்வளவாக மாறவில்லை.

நொத்தாரிசு காலமானால் அவருடைய கட்டுகள் பதிவகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். அதற்கு முன்பே ஒவ்வொரு கட்டிலும் முதல் இலக்கம், கடைசி இலக்கம், ஆண்டு, மொழி, உறுதியின் வகை, அதாவது சீதனம், நன்கொடை, அறுதி (விற்பனை), ஈடு (அடமானம்) என்பவற்றைக் கொப்பியில் எடுத்துக்கொள்ளுங்கள். உறுதிகள் திடீரெனக் குறைந்த ஆண்டுகளைத் தனியே குறியுங்கள். கந்தோர் மூடிக் கிடந்ததா, இடம் மாறியதா என்று அங்கிருந்துதான் விசாரிக்கத் தொடங்க வேண்டும்.