ஜானவாசக் காரின் டாப்

வணக்கம் மக்களே. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் இந்தச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். கேட்டதா? இன்னொரு தடவை மூடுகிறேன். டொக். அவ்வளவுதான். கார்க் கதவு மூடுகிற சத்தத்துக்கெல்லாம் ஒரு வீடியோவா என்று கேட்பவர்கள், இதே கதவை நான் முழங்காலால் இடித்து மூடும் பழைய வீடியோவைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கேயேதான் இருப்பேன்.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது 1966-ம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இரண்டு கதவு, 948 சி.சி., எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பர். இங்கிலாந்தில் இதற்கு டிரையம்ப் ஹெரால்டு என்று பெயர், 1959-ல் வந்தது. வடிவமைத்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். இந்தியாவில் 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் செய்தார்கள். செய்த இடம் பெருங்களத்தூர். நான் வீடியோ எடுக்கிற இந்த ஷெட் தாம்பரத்தில் இருக்கிறது. அதாவது வண்டி பிறந்த இடம் இங்கிருந்து அடுத்த ஸ்டேஷன். அந்த ஆலை 1988-ல் நின்றுபோனது.

வண்டிக்கு டாப் இல்லை, அதைப் பார்க்கிறீர்கள். கம்பெனியிலிருந்து வரும்போது இரும்பு டாப்போடுதான் வந்தது. பிறகு சென்னையில் வாடகைக் கார் வைத்திருந்த ஒருவர் இதை வாங்கி, டாப்பைக் கழற்றிவிட்டு, ஜானவாசத்துக்கு விட்டிருக்கிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஜானவாசம் தெரியுமோ என்னவோ. கல்யாணத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு போட்டு, மாலை போட்டு, திறந்த காரில் உட்கார வைத்து, முன்னால் நாதஸ்வரம் மேளம், பக்கத்தில் தலையில் விளக்குச் சுமப்பவர்கள் என்று ஊர்வலமாக மண்டபத்துக்கு அழைத்து வருவார்கள். மாப்பிள்ளை ஒருவர்தான். ஆனால் காரில் பதினோரு பேர் இருப்பார்கள், அதில் ஒன்பது பேர் குழந்தைகள்.

இந்த வேலைக்கு ஹெரால்டைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது என்று நான் அடித்துச் சொல்வேன். காரணம், இதன் முன்சக்கரம் ஆட்டோ மாதிரி மடங்கும். 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் போட்டுவிடும். குறுகலான மாட வீதி முனையில், மேளக்காரர் நின்று ராகம் இழுக்கும்போது, பின்னால் எடுத்து முன்னால் எடுத்து என்று மானம் போகாமல் ஒரே வளைப்பில் திரும்பும் கார் வேறு எது? ஆனால் நடக்கிற வேகத்தில் முதல் கியரிலேயே ராத்திரி முழுக்க ஓட்டினால் கிளட்ச் என்ன ஆகும், ரேடியேட்டர் என்ன ஆகும்? நான் வாங்கும்போது இரண்டும் போய்விட்டிருந்தன. பாடி முழுக்க சீரியல் லைட் கட்டுவதற்காகப் போட்ட ஓட்டைகள். எண்ணினேன், 43.

சரி, கதவுக்கு வருகிறேன்.

இந்தக் கதவை மூன்று டிங்கர்கள் பார்த்துவிட்டார்கள். ஒருவர் கீலை மாற்றினார், ஒருவர் கதவின் விளிம்பையே தட்டிச் சின்னதாக்கினார். எல்லோரும் கதவைத்தான் பார்த்தார்கள், நானும்தான். கோளாறு கதவில் இல்லை என்று கண்டுபிடிக்க, மோட்டார் கொட்டகை ஒன்றிலிருந்து இந்த வண்டியின் பழைய டாப் வர வேண்டியிருந்தது.

எங்கள் ஹெரால்டு வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம். பாதிப் பேரிடம் ஓடுகிற வண்டி கிடையாது, ஆனால் எல்லோரிடமும் கருத்து உண்டு. அதில் செங்கல்பட்டு வக்கீல் அண்ணன் ஒருவர், கஸல் வைத்திருக்கிறார். கஸல் என்றால் ஹெரால்டுக்குப் பிறகு 1972-ல் இதே ஆலை விட்ட நான்கு கதவு வண்டி. அவர் ஒருநாள் கேட்டார்: "தம்பி, கழற்றின டாப்பை அந்த ஆள் என்னதான் பண்ணினார்? கேட்டியா?" எனக்கு அது தோன்றவே இல்லை. வாடகைக் காருக்குச் சொந்தக்காரர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய மகனுக்கு போன் போட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊர்ல மோட்டார் ரூம் மேல கிடக்குமே" என்றார்.

ஊர் மதுராந்தகம் பக்கம். வக்கீல் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை அவரே போய்ப் பார்த்துவிட்டு போட்டோ அனுப்பினார். கிணற்று மோட்டாருக்கு மேலே நான்கு சுவர், சுவருக்கு மேலே ஹெரால்டு டாப்! அதன் மேல் பூசணிக்கொடி. நிலத்தை இப்போது குத்தகைக்கு வைத்திருக்கும் பெரியவர் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஆனால் ஒரு நியாயமான கேள்வி கேட்டிருக்கிறார்: "நீங்க இத எடுத்துட்டுப் போயிட்டா மழைக்கு என் மோட்டார் எங்க போகும்?" நான்கு தகர ஷீட் வாங்கிக் கொடுத்து, அவற்றைப் போட்டும் கொடுத்துவிட்டு, டாடா ஏஸில் டாப்பை ஏற்றி வந்தோம். பூசணிக்காய் ஒன்றும் இலவசம். உள்பக்கம் சுரண்டிப் பார்த்தால் வெளிர் பச்சை. டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற அதே பச்சை. இதே வண்டியின் டாப்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு எந்தக் காரிலும் இந்தக் கதை நடந்திருக்காது. 1950-களின் கடைசியில் மற்றவர்கள் எல்லோரும் சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், என்று தனியாக இல்லாமல் பாடியையே ஒரே கூடாகச் செய்யும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் டிரையம்ப் பெயரில் இதைச் செய்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. பெரிய கூடாகச் செய்து தர ஆள் இல்லை. அதனால் பழையபடி சேஸிஸ் ஒன்றைப் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுப் பூட்டினார்கள். டாப்பும் போல்ட்தான். அதே அடிப்பாகத்தில் மூடின கார், திறந்த கார், பின்பக்கம் நீண்ட எஸ்டேட், சாமான் வேன் எல்லாம் வந்தன. வேறு வழியில்லாமல் செய்ததுதான். ஆனால் அதனால்தான் வாடகைக் கார்க்காரரால் கேஸ் கட்டிங் இல்லாமல் ஸ்பானரால் டாப்பைக் கழற்ற முடிந்தது, எங்களால் திரும்ப மாட்டிப் பார்க்கவும் முடிந்தது.

மாட்டிப் பார்த்தோம் என்று சொன்னேன், மாட்டிவிட்டோம் என்று சொல்லவில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை ஆறு பேர் சேர்ந்து தூக்கி வைத்தோம். முன்னால் கண்ணாடிச் சட்டத்தில் போல்ட் எல்லாம் வெண்ணெய் மாதிரி இறங்கின. பின்னால் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் ஒரு விரல்கடை இடைவெளி. ஒரு பையன் கடப்பாரையை எடுத்து நெம்பப் போனான்.

அப்போதுதான் ஐயா வாயைத் திறந்தார். ஐயா பெருங்களத்தூரில் இருக்கிறார், வயது 80 தாண்டிவிட்டது. அந்த ஆலையில் பாடி பூட்டும் பிரிவில் வேலை பார்த்தவர். காலையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தவர், "கடப்பாரையக் கீழ போடு. டாப் சரியாத்தான் இருக்கு. வண்டிதான் உட்கார்ந்திருக்கு" என்றார்.

எழுந்து வந்து ஸ்க்ரூடிரைவர் கேட்டார். கீழே குனிய முடியாதே, அதனால் எங்கே குத்த வேண்டும் என்று எனக்குச் சொன்னார். ஹெரால்டு சேஸிஸில் நடுவில் முதுகெலும்பு மாதிரி இரண்டு சட்டம் போகும். அதிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி தாங்கிகள். பாடி அந்தக் கைகள் மேல்தான் உட்காரும். வலப்பக்கப் பின்கையில் குத்தினேன். ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இரும்பே இல்லை. பட்டி! இரும்பு அரித்துப்போன இடத்தில் பட்டி பூசி, மேலே கறுப்பு பெயிண்ட். இதைச் செய்த ஒர்க்‌ஷாப் 'சேஸிஸ் வேலை' என்று என்னிடம் 18,000 ரூபாய் வாங்கியது. பெயர் சொல்ல மாட்டேன், கமெண்டில் கேட்காதீர்கள். குனிந்து பார்க்காமல் காசு கொடுத்தது நான்தானே.

மேலே டாப் இருந்தவரை பாடியின் முன்பாதியையும் பின்பாதியையும் அது இழுத்துப் பிடித்திருந்தது. டாப் போய், கீழே கையும் அரித்து, மேலே ஒன்பது குழந்தைகளும் ஏறினால் பின்பாதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்காமல் என்ன செய்யும்? கதவு வாசல் மேலே விரிந்து, கீழே குறுகிவிட்டது. எந்த டிங்கர் வந்தும் கதவு மூடாததற்கு அதுதான் காரணம்.

அப்புறம் ஐயா சொன்ன யோசனைதான் இந்த வீடியோவின் உயிர். டாப்பையே அச்சாக வைத்துக்கொள்ளச் சொன்னார். "கம்பெனில இதுக்குன்னு பெரிய ஃபிக்ஸர் இருந்துச்சு. உனக்கு அது கிடைக்காது. டாப்பு பொய் சொல்லாது, அது கூட எப்பப் பொருந்துதோ அப்ப வெல்டிங் வை." அப்படியே செய்தோம். இரண்டு பின்கைகளையும் வெட்டி எடுத்து, அம்பத்தூரில் 2 மில்லி தகடு மடித்துப் புதிதாகச் செய்து வந்தோம். ஜாக்கியால் பின்பாதியை மில்லி மில்லியாகத் தூக்கினோம். டாப் ஓட்டையில் போல்ட் கையாலேயே சுற்ற இறங்கினதும், ஐயா கையைக் காட்டினார், வெல்டர் பொட்டு வைத்தார். பிறகு பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே பேக்கிங் தகடு, இங்கே ஒன்று, அங்கே இரண்டு. கதவு இடுக்கை அளக்க ஐயா வைத்திருந்த கருவி ஒரு பென்சில். இடுக்கில் பென்சில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே மாதிரி ஓட வேண்டும், எங்கேயும் சிக்கக் கூடாது, எங்கேயும் விழக் கூடாது. இரண்டு சனிக்கிழமை போனது. மூன்றாவது சனிக்கிழமை, டொக்.

யாரும் கை தட்டவில்லை. ஐயா மட்டும் இன்னொரு தடவை திறந்து மூடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை.

முன்சக்கரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெரால்டில் முன்சக்கரம் திரும்புவதற்குக் கீழே டிரனியன் என்று ஒரு பித்தளைக் கட்டை இருக்கும், அதற்குள் இரும்புத் தண்டு மரையோடு உட்கார்ந்திருக்கும். இதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. 90 நம்பர் கியர் ஆயில்தான். கிரீஸ் உள்ளேயே இறுகிவிடும், தண்ணீர் புகுந்து மரையில் துரு பிடிக்கும், ஒருநாள் தண்டு உடைந்து சக்கரம் மடங்கிவிடும். இதை எனக்குச் சொல்லித் தந்தது எங்கள் குழுவில் இருக்கும் திருச்சி டீச்சர் அக்கா, ஹெரால்டு மார்க் 3 வைத்திருக்கிறார். நான் இங்கிலாந்திலிருந்து இரண்டு டிரனியன் வரவழைத்து, பெருமையாகக் குழுவில் போட்டோ போட்டேன். ஒரு நிமிஷத்தில் அக்காவிடமிருந்து போன்: "தம்பி, ரெண்டும் ஒரே பக்கத்துது. ஒண்ணுக்கு வலது மரை, ஒண்ணுக்கு இடது மரை. பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி படிக்க மாட்டியா?" அவரிடம் மறுபக்கத்துக்கு ஒன்று உபரியாக இருந்தது. மாற்றிக்கொண்டோம். கூடவே ஆயில் கன் ஒன்றும் வந்தது, திருப்பித் தர வேண்டும் என்ற குறிப்போடு. அக்கா, மறக்கவில்லை.

இப்போது சண்டைக்கு வருவோம். டாப் கிடைத்தாயிற்று, பொருந்தவும் செய்கிறது. அப்படியே வைத்துவிடலாமா? வக்கீல் அண்ணன் வைத்தே ஆக வேண்டும் என்கிறார். 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. 50 வயதுக்கு மேல் ஆன வண்டி, புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வண்டி அதன் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். "மூல வடிவம்னா டாப்போட, அவ்வளவுதான்" என்கிறார் அண்ணன்.

எனக்கு அது பிடிபடவில்லை. இந்த வண்டி டாப்போடு இருந்தது ஒன்பது வருடம். 1975-ல் அந்த வாடகைக் கார்க்காரர் ஆர்.சி.யிலேயே ஓப்பன் என்று மாற்றிப் பதிந்திருக்கிறார், முத்திரையோடு. அதற்குப் பிறகு எத்தனை மாப்பிள்ளைகள் இதில் உட்கார்ந்திருப்பார்கள்! எங்கள் குழுவிலேயே ஒருவருடைய அப்பா இந்த நம்பர் காரில் உட்கார்ந்திருக்கிற கறுப்பு வெள்ளை போட்டோ இருக்கிறது. அண்ணனுக்கு அதைக் காட்டினேன். "போட்டோவுக்கெல்லாம் விண்டேஜ் நம்பர் தர மாட்டாங்க" என்றார். சரி, தர வேண்டாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சாதாரணப் புதுப்பித்தலே எனக்குப் போதும். வண்டி திறந்தேதான் இருக்கும். டாப் அதோ, உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்குகிறது பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை இறக்கி வைத்துப் பார்ப்பேன், பின்பாதி மறுபடி இறங்கியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். அந்த 43 ஓட்டைகளில் 41-ஐ அடைத்துவிட்டேன். முன்னால் இருக்கிற இரண்டை மட்டும் விட்டிருக்கிறேன்.

அடுத்த வேலை துணி டாப். அதற்கு மடங்குகிற கம்பிச் சட்டம் வேண்டும், அது இந்த வண்டிக்கு வந்ததே கிடையாது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் என்று ஒன்று 1977-லிருந்து இருக்கிறது, ஹெரால்டுக்கெல்லாம் அதுதான் தாய்வீடு. அதில் இருக்கும் ஒருவர் தன்னுடைய கன்வர்ட்டிபிளின் சட்டத்தை ஒவ்வொரு கம்பியாக அளந்து, படம் வரைந்து அனுப்பியிருக்கிறார். அளவெல்லாம் அங்குலத்தில். புதுச்சேரியில் கூண்டு வண்டிக்கு ஹூட் தைக்கிற ஒருவர், குழாய் வளைத்துத் தருகிறேன் என்று...

இருங்கள். தூறல். இது கேமராவில் தெரிகிறதா? ஷெட்டின் இந்தப் பக்கம் ஒழுகும். அந்த ஃபிளெக்ஸ் பேனரை எடு தம்பி, அந்தக் கோடியைப் பிடி. சீட் மேல, சீட் மேல! மக்களே, அடுத்த வாரம் பார்ப்போம், கேமராவும் நனைகிறது.