பாலத்து மேல மாதா கோயில், அதுக்குக் கீழ ஜெயில்!

வணக்கம் மக்களே! இங்கிலாந்துல ஷெஃபீல்டு பக்கத்துல ராதரம்னு ஒரு ஊர். அங்க டான் ஆத்துப் பாலத்து மேலதான் நிக்கிறேன். காத்து கொஞ்சம் இரைச்சலா இருக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

இதோ, பாலத்தோடயே ஒட்டி நிக்குதுல்ல, இதுதான் மாதா கோயில். 1483-ல இந்த ஊர் ஸ்கூல் வாத்தியார் ஜான் போக்கிங்னு ஒருத்தர், இதைக் கட்டுறதுக்குன்னு உயில்ல 3 ஷில்லிங் 4 பென்ஸ் எழுதி வச்சிருக்கார். அந்தக் காலத்துல ஆத்தைத் தாண்டுறதுன்னா சும்மாவா? வழிப்போக்கருங்க ஒரு நிமிஷம் நின்னு கும்பிட்டுட்டு, காணிக்கை போட்டுட்டுப் போவாங்க.

1547-ல ஆறாம் எட்வர்டு ஆட்சியில ஒரு சட்டம் வந்துச்சு. செத்தவங்க ஆன்மாவுக்காகப் பூசை வைக்கிற கோயிலையெல்லாம் மூடுன்னுட்டாங்க. இதுவும் போச்சு. அப்புறம் ஏழைங்க தங்குற விடுதி ஆச்சு. 1779-ல என்ன ஆச்சு தெரியுமா? ஊர் ஜெயில்! கீழ நிலவறையில கைதிங்களை அடைச்சு வச்சாங்க. அந்த செல் கதவுங்க இன்னும் அப்படியே இருக்கு. சாமி கும்பிட்ட இடத்துக்குக் கீழ கைதிங்களை உட்கார வச்சிருக்காங்க, யோசிச்சுப் பாருங்க.

1826-ல ஜெயிலைக் காலி பண்ணாங்க. அப்புறம் குடித்தனம். அதுக்கப்புறம்... சிரிக்காதீங்க... சுருட்டு, பேப்பர் விக்கிற கடை! மாதா கோயில்ல புகையிலை வியாபாரம்!

கேட்டா அநியாயமா இருக்கும். ஆனா என்னைக் கேட்டா, இந்தக் கட்டடம் பிழைச்சதே அதனாலதான். இங்கிலாந்துல இந்த மாதிரி பாலத்துக் கோயில் நிறைய இருந்துச்சு, இப்ப மிச்சம் விரல் விட்டு எண்ணிடலாம். சும்மா கிடந்திருந்தா கல்லைப் பேத்து எடுத்துட்டுப் போயிருப்பாங்க. வாடகை வர்ற இடத்தை எவன் இடிப்பான்?

1901-ல ஊர்க்காரங்க, கோயிலைத் திருப்பிக் கொடுங்கன்னு மனு கொடுத்தாங்க. 1924-ல மறுபடியும் அர்ச்சிச்சுத் திறந்தாச்சு. வண்டியெல்லாம் பக்கத்துல இருக்கிற புதுப் பாலத்துல போகுது, அதனால நாம இங்க ஹாரன் தொல்லை இல்லாம நின்னு பேசுறோம்.

உள்ள பூசை இப்பவும் நடக்குது, ஆனா எல்லா நாளும் திறந்திருக்காது. வர்றவங்க நாள் பார்த்துட்டு வாங்க. வந்தா கீழ நிலவறைக்குக் கட்டாயம் இறங்குங்க, தலை ஜாக்கிரதை!